கண்டக்டர் கட்டிய வீடு

என் கணவர் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஓடும் பேருந்தில் கண்டக்டர். மலைப் பேருந்தில் கண்டக்டராக இருப்பவருக்குத் தெரியாத ஆளே இருக்க முடியாது. கீழே ஓடும் வண்டிகளில் ஏறுகிறவர்கள் டிக்கெட் வாங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மலை வண்டியில் அது நடக்காது. வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தாக வேண்டும். சாய்ந்த பிறகு பேசாமல் இருப்பது மரியாதை இல்லை. அப்படிச் சாய்ந்து சாய்ந்தே என் கணவர் மலையில் பாதிப் பேரையும், கீழே சின்னசேலம் வரைக்கும் மீதிப் பேரையும் சம்பாதித்து வைத்திருந்தார்.

எனக்குத் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா, சாதிச் சான்று, வாரிசுச் சான்று என்று ஊரில் யாருடைய யோக்கியதையும் என் மெஷினுக்குள் போய்த்தான் வெளியே வரும். வீட்டு வரைபடங்களும் வரும். அவற்றைக் கொண்டுவருகிறவர்களில் ஒரு பெண் இன்ஜினியர் இருந்தார். முப்பதைத் தாண்டியிருக்கும். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் வரைபடங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு வருவார்; ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்குள் நுழைவார். பதிவு பெற்ற பொறியாளர், உரிமம் பெற்ற கட்டட ஒப்பந்ததாரர் என்று இரண்டு முத்திரைகள் அவர் பையில் எப்போதும் இருக்கும். எதிலும் திருப்தி அடையாத வாடிக்கையாளர்.

"அக்கா, அதே சைஸ்ல போடுங்கன்னு சொன்னேன். நீங்க பேப்பருக்கு ஏத்த மாரி சுருக்கிட்டீங்க. இங்க பாருங்க, பத்தடி ரூமு இப்ப ஒம்பதரை அடியா நிக்குது."

"அரை அடிதானே மேடம்."

"அந்த அரை அடிலதான் பீரோ வெக்கணும்னு அந்த வூட்டம்மா ஒத்தக் கால்ல நின்னுக்கினு இருக்காங்க."

நான் மறுபடி போட்டுக் கொடுப்பேன். அவர் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் காசு தருவார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சங்கராபுரம் சாலையில் நாங்கள் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டலாம் என்று முடிவானபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ஸ்கேல்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவரிடம் சொன்னேன்.

"இன்ஜினியரா? எதுக்கு?"

"வூடு கட்டறதுக்குத்தாங்க. அவங்களே காண்ட்ராக்ட் எடுத்து முடிச்சுக் குடுப்பாங்களாம். லைசென்ஸ் இருக்குது."

"லைசென்ஸ் வண்டி ஓட்டறவனுக்குதான் வேணும். வூடு இன்னா ரோட்டுலயா ஓடப் போவுது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தான் சொன்னதற்குத் தானே முதலில் சிரிப்பது அவர் வழக்கம். பஸ்ஸில் அது எடுபடும். அவர் பையிலேயே கண்டக்டர் லைசென்ஸ் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும்போது என் கடையில்தான் காசு கொடுக்காமல் பிரதி எடுத்துக்கொண்டு போனார். டிக்கெட் எடுக்காமல் ஒருவர் அடுத்த நிறுத்தம் வரைக்கும் வந்துவிட்டால் விசில் ஊதி வண்டியை ஓரங்கட்டுகிற மனிதர், வீட்டுக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்தார். நான் இதைச் சொன்னேன். "ரசம் ஊத்து" என்றார்.

ஆட்களை அவர் பஸ்ஸிலேயே பிடித்தார். முதலில் மேஸ்திரி. சின்னசேலத்துக்காரர். அந்தப் பக்கம் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகள் அதிகம். அந்த ஆலைகளில் மாவுப் பால் தெளிய வைக்கும் தொட்டிகளும் ஜவ்வரிசி காய வைக்கும் சிமென்ட் களங்களும் கட்டுவதுதான் அவர் தொழில். மலையிலும் தண்ணீர்த் தொட்டி வேலை கிடைத்ததால் அடிக்கடி அந்த வண்டியில் ஏறுவார். என் கணவர் கேட்டதும் அவர் நேர்மையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

"கண்டக்டரே, நான் கட்டறதெல்லாம் தொட்டிங்க. வூடு கட்னதில்லீங்க."

"தொட்டிக்கும் நாலு செவுரு, வூட்டுக்கும் நாலு செவுரு. மேல ஒரு மூடி போட்டா வூடு. அவ்ளோதான மேஸ்திரி?"

பஸ்ஸே சிரித்ததாம். மேஸ்திரியும் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று என் கணவர் எடுத்துக்கொண்டார்.

கரண்ட் வேலைக்குக் கச்சிராயபாளையத்து மைக் செட்காரர். திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டுவதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மயில் தோகை விரிப்பது, குதிரை ஓடுவது, அம்மன் கண்ணை மூடித் திறப்பது எல்லாவற்றையும் பல்பிலேயே காட்டிவிடுவார். குழாய் வேலைக்குக் கரும்புத் தோட்டங்களில் சொட்டு நீர்ப் பாசனம் போடுகிற ஒருவர். மூன்று பேருமே நல்லவர்கள். மூன்று பேருமே தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள். அது வீடு கட்டும் தொழில் இல்லை என்பது மட்டும்தான் குறை.

அனுமதிக்காக ஆபீசில் கொடுத்த வரைபடம் ஒன்று இருந்தது. யார் மூலமோ ரெடிமேடாக வாங்கியது. அது அங்கேயே தங்கிவிட்டது. மேஸ்திரிக்குக் கொடுத்த வரைபடத்தை என் கணவர் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைந்தார். ஹால் பெரிதாக வேண்டும் என்பது அவர் ஆசை. நெரிசலில் வேலை பார்க்கிறவர் அல்லவா? வீட்டிலாவது யார் மேலும் இடிக்காமல் நடக்கலாம் என்று சொல்லிச் சொல்லி, ஹால் பத்திரிகையின் ஓரம் வரைக்கும் போய்விட்டது. சமையலறை, மணமகளின் தந்தை பெயர் அச்சாகியிருந்த இடத்தின் முதுகில் சின்னதாக ஒதுங்கியது.

வேலை நடந்த நாட்களில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மேஸ்திரி சிமென்ட்டில் கஞ்சத்தனம் காட்டவே மாட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தால் கோவில் மதில் மாதிரி சத்தமே வராது. டீ கொண்டுபோனால் "உக்காருங்க அக்கா, நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்பார்கள். என் கணவர் டியூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு வந்து நின்று, "இன்னா மேஸ்திரி, வண்டி எந்த வளைவுல ஏறிக்கினு இருக்குது?" என்பார். "இன்னும் ரெண்டு வளைவு கண்டக்டரே" என்பார் மேஸ்திரி. இப்படியே சிரித்துச் சிரித்து மூடியும் போட்டாயிற்று.

புதுமனை புகுவிழா அன்று அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிய வேண்டும் என்று எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். பொங்கியது. ஒரு பக்கமும் சிதறாமல், கோடு போட்ட மாதிரி கிழக்கே வழிந்தது. குலவை போட்டார்கள். என் நாத்தனார், "நம்ம சாதி சனத்துல யாருக்கும் இப்பிடி வழிஞ்சதில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வழிந்த பால் அடுப்பிலிருந்து இறங்கித் தரையில் ஓடி, சமையலறையைக் கடந்து, ஹாலைக் கடந்து, வாசல்படி வரைக்கும் போனதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு அது சகுனமாகத்தான் தெரிந்தது.

குடி வந்த பிறகுதான் விளங்கியது. மேஸ்திரி எங்களுக்கு ஜவ்வரிசிக் களம் போட்டிருந்தார். மழை பெய்தால் நொடியில் தண்ணீர் வடிந்துவிட வேண்டும் என்பது களத்தின் நியாயம். அந்த நியாயம் எங்கள் ஹாலிலும் நடந்தது. கீழே விழுந்த வெங்காயம் வாசலில் போய் நிற்கும். பருப்பு டப்பா கை தவறினால் சமையலறையில் தேட வேண்டியதில்லை. நேராக வாசலுக்குப் போய்விடலாம். என் கணவர் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தவர், தலையங்கம் வருவதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார். எதிர் மனைக்காரர், "இன்னாங்க, வெளிய கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, சும்மா காத்து வாங்கலாம்னு" என்றார் இவர், காலை ஊன்றிக்கொண்டு.

விளக்குகளின் கதை தனி. மைக் செட்காரருக்கு எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் பளீரென்று எரிய வேண்டும். எரிந்ததும் கூட்டம் "ஓ" போட வேண்டும். அதனால் ஹாலில் ஒரு சுவிட்சைப் போட்டால் ஹால், சமையலறை, மொட்டை மாடி, பின்பக்கம் எல்லாம் சேர்ந்து எரியும். கழிவறை விளக்கின் சுவிட்ச் வாசலுக்கு வெளியே இருந்தது. யார் உள்ளே போனாலும் இன்னொருவர் வெளியே போய்ப் போட வேண்டும். மிக்சி ஓடினால் படுக்கையறை டியூப் லைட் கண்ணை மூடித் திறக்கும். படுக்கையறை பல்பு ஃபியூஸ் போனால் சமையலறையும் சேர்ந்து இருண்டுவிடும். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒண்ணு போனா எல்லாம் போறதுதான் அண்ணி சீரியலு. எது போச்சுன்னு ஒவ்வொண்ணா கழட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"இது வூடுங்க, தேர் இல்ல."

"அதுக்கின்னா அண்ணி, கோயில் மாரி இருக்குது வூடு" என்றார், மனதாரப் பாராட்டுகிறவராக.

குளியலறைக் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சொட்டியது. கரும்புக்கு அது போதும்.

அதற்குள் மின்வாரியத்திலிருந்து ஒருவர் நிரந்தர இணைப்புக்காகப் பார்வையிட வந்தார். கட்டடம் கட்டத் தந்த தற்காலிக இணைப்பிலேயே நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம். அவர் மீட்டர் பெட்டியைத் திறந்தார். பிறகு மூடினார். மறுபடி திறந்தார்.

"வயரிங் யாரு பண்ணது?"

"நம்ம ஆளுதாங்க" என்றார் என் கணவர்.

"லைசென்ஸ் இருக்குதா அவருக்கு? லைசென்ஸ் ஒயர்மேன் முடிச்சுக் குடுத்ததா ஒரு ரிப்போர்ட் வேணும். இல்லன்னா சர்வீஸ் குடுக்க முடியாதுங்க."

என் கணவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்ம வண்டியில் எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார் என்று தேடிய பார்வை அது. அந்த மனிதர் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். என் கணவரின் செல்வாக்கு நான்கு சக்கரத்துக்குக் கீழே செல்லாது. மைக் செட்காரரைத் தேடிப் போனால் அவர் மைக் செட் உரிமையாளர் சங்கத்தின் அடையாள அட்டையைக் கொடுத்தனுப்பினார். அதை நான் பிரதி எடுத்தும் வைத்தேன். மின்வாரிய ஊழியர் மறுபடி வந்தபோது அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், ரிப்போர்ட்டுக்காகச் சொல்லல. இங்க எர்த்தே இல்ல. மோட்டார்கிட்ட கொஞ்சம் பார்த்து இருங்க."

"சரிங்க சரிங்க" என்றார் என் கணவர். அந்த ஊழியர் போன பிறகு, "பயமுறுத்தறான்" என்றார்.

சில நாள் கழித்து, ஒரு விடியற்காலை. டியூட்டிக்குக் கிளம்பும் முன் மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டுவிட்டு அவர் பின்பக்கம் போனார். போர் மோட்டாரின் இரும்புக் குழாயில் இருக்கும் வால்வைத் திறக்கக் கையை வைத்தார். வெறுங்கால், ஈர மண். நான் அடுப்பங்கரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்ட மாதிரி அவர் பின்னால் போய் விழுந்தார்.

நான் எப்படி ஓடினேன், எந்தச் சுவிட்சை அணைத்தேன் என்பது நினைவில் இல்லை. எல்லா விளக்கும் ஒரே சுவிட்சில் போனது ஒரு வகையில் அன்றைக்கு உதவியிருக்கலாம். அவர் மண்ணில் உட்கார்ந்துகொண்டு தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய கையே இல்லை என்பது போல. என் முகத்தைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். முதன்முறையாக அவருக்கு அது வரவில்லை. "குழந்தைங்க யாராவது தொட்டிருந்தா?" என்றார். எங்கள் பிள்ளைகள் இருவரும் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பின்கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டேன். திரும்பி வந்து அவர் பக்கத்தில் அந்த மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒன்றும் இல்லை என்றார்கள். லீவு போடச் சொன்னேன், கேட்கவில்லை. மறுநாள் போனார். கை நடுக்கம் மட்டும் விட்டபாடில்லை. விசிலை வாயில் வைத்தால் கை ஆடுகிறது; ஊத வேண்டிய இடத்தில் ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் வருகிறது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. மலையேற்றத்தில் டிரைவர் கிளம்புகிறார், நிற்கிறார், கிளம்புகிறார். கடைசியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, "இன்னாய்யா, உனக்கு ஏறணுமா இறங்கணுமா?" என்று கேட்டாராம். வண்டியே சிரித்ததாம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மேடம் இன்னும் உன் கடைக்கு வர்றாங்களா?"

இன்ஜினியர் மறுநாளே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் நுழைந்து, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். அது விழுந்து உருண்டு அவருக்கு முன்னால் வாசலை நோக்கிப் போனது. அது போய் நிற்கும் வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார்.

"யாருங்க மேஸ்திரி?"

"ஜவ்வரிசி ஆலைல தொட்டி கட்டறவருங்க" என்றேன்.

"அதான் பார்த்தேன். வேலை சுத்தம். கதவ எல்லாம் சாத்திட்டுத் தண்ணி வுட்டா ஒரு சொட்டு கசியாம கூரை வரைக்கும் நிக்கும் அக்கா இந்த வூடு."

என் கணவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு லேசாகத் தலையசைத்தார். இன்ஜினியர் ஹாலின் நடுவில் நின்று மேலே பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சார், இந்த ஹால்ல பீம் எங்க?"

"பீமுன்னா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்தது நல்லதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. பிறகு அவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். தொட்டிக்கு மூடி போடுகிற மாதிரியே கனமாக, குறுக்கே தாங்க எதுவும் இல்லாமல் அவ்வளவு பெரிய ஹாலுக்குத் தளம் போட்டிருக்கிறார்கள். நடுவில் கோடாக விரிசல் விழுந்திருந்தது. நாங்கள் அதை வெள்ளையடித்தவரின் பிரஷ் முடி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"விழுந்துடுமா மேடம்?" என்று கேட்டேன்.

"விழும், விழாதுன்னு நான் வாயால சொல்ல மாட்டேன் அக்கா. சொன்னா நான் கையெழுத்துப் போடணும். மொதல்ல முட்டு குடுத்துட்டு அப்பால பேசலாம்."

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கின. ஹால் முழுக்கத் தரைக்கும் கூரைக்கும் நடுவே வரிசையாக நிறுத்தினார்கள். பெரிய ஹாலுக்கு ஆசைப்பட்ட என் கணவர், சவுக்குத் தோப்புக்குள் இருந்து சாப்பிட்டார். கட்டைகளுக்கு இடையில் புகுந்து புகுந்து சமையலறைக்கு வருவதைப் பார்த்தால், கூட்டத்தில் டிக்கெட் போடுகிற அதே நடைதான். பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். இன்ஜினியர் வந்து பார்த்து, ஆட்டத்தை நிறுத்தி, நாலு பேரும் உள் அறையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்னால் அவர் ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்தார். என்னென்ன செய்வார், எந்தக் கம்பி, எந்த ஒயர், எப்போது முடிப்பார், முடிந்த பிறகு எது கெட்டால் அவர் பொறுப்பு என்று பக்கம் பக்கமாக. ஆட்களுக்கு இன்சூரன்ஸ் கட்டிய ரசீதும் கூடவே. என் கணவருக்கு இதெல்லாம் கூச்சமாக இருந்தது.

"மேடம், நமக்குள்ள பேப்பர் எதுக்குங்க? நம்பிக்கைதானே?"

"சார், நாளைக்கு நீங்க என்னைத் திட்டணும். எந்த லைனைக் காட்டித் திட்டறதுன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"

என் கணவர் பேனாவை வாங்கிக்கொண்டார். மேஸ்திரியை நாங்கள் ஒரு நாளும் திட்டியதில்லை. மைக் செட்காரரையும். தரை சாய்ந்தபோதும், குழாய் சொட்டியபோதும், வாய் வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தோம். வேண்டியவர்களிடம் எப்படிக் கேட்பது? இந்தப் பெண் என்னவென்றால், திட்டுவதற்கு இடம் விட்டு, கீழே தன் முத்திரையையும் குத்தி நீட்டுகிறார். நான் இரண்டு பிரதி எடுத்தேன். சுருக்காமல்.

இப்போது ஒரு சிக்கல் மீதி இருந்தது. மேஸ்திரியிடம் யார் சொல்வது? அவர் மலை வண்டியில்தான் வருவார். என் கணவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: சேலம் வண்டிக்கு டியூட்டி மாற்றிக்கொண்டார். அந்த வண்டி சின்னசேலம் வழியாகப் போகும் என்பதை மறந்துவிட்டார். முதல் நாளே நிறுத்தத்தில் மேஸ்திரி நிற்பதைப் பார்த்து, இவர் சீட்டுக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாராம். பயணிகளும் உதவியாகக் குனிந்து தேடியிருக்கிறார்கள். மேஸ்திரி அந்த வண்டியில் ஏறவில்லை; அடுத்த வண்டியைப் பிடித்து நேராக என் கடைக்கு வந்துவிட்டார்.

"அக்கா, கண்டக்டருக்கு இன்னா ஆச்சு? என்னைப் பார்த்துட்டுக் குனியறாரு."

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஷாக் அடித்தது, இன்ஜினியர் வந்தது, ஹாலில் கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார், இல்லையென்றால் அழுவார் என்று நினைத்தேன்.

"முட்டு குடுத்துட்டாங்களா?" என்றார்.

"குடுத்துட்டாங்க."

"அப்பாடா." இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒழுங்கா தூங்கி எவ்ளோ நாளாவுது தெரியுமாக்கா? மழ பேஞ்சா போதும், உங்க தெரு பக்கமா வந்து வூடு நிக்குதான்னு பார்த்துட்டுப் போவேன்."

"அப்ப உள்ள வந்து சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்றது? எனக்குத் தொட்டிதான் தெரியும்னு மொதல்லயே சொன்னேன். அவுரு சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். அப்பால அவுரு வந்து வந்து நின்னு, சூப்பர் மேஸ்திரி, சூப்பர் மேஸ்திரின்னாரு. எந்த இடத்துல நிறுத்திச் சொல்றதுன்னே தெரியலக்கா."

மழை நாட்களில் தெருமுனையில் ஒருவர் குடையோடு நின்று எங்கள் வீட்டைப் பார்ப்பதை நானும் ஓரிரு முறை பார்த்திருக்கிறேன். வீட்டின் அழகைப் பார்க்கிறார் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. டீ வரவழைத்தேன். அன்று சாயங்காலம் என் கணவர் கடைக்கு வந்தபோது மேஸ்திரி இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். குனிவதற்கு என் கடையில் சீட்டு இல்லை.

"மன்னிச்சுக்க மேஸ்திரி" என்றார் என் கணவர்.

"நீங்க மன்னிச்சுக்கங்க கண்டக்டரே."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "இன்னொரு டீ சொல்லு", "இன்னொரு டீ சொல்லுங்கக்கா" என்றார்கள்.

வேலை பல வாரங்கள் நடந்தது. ஹாலின் குறுக்கே இரும்பு பீம் வந்தது. அதைத் தாங்க இரண்டு தூண்கள். லைசென்ஸ் ஒயர்மேன் ஒருவர் வந்து, மைக் செட்காரர் போட்டதை எல்லாம் உருவி எடுத்தார். உருவிய ஒயர் ஒரு சாக்கு நிறைய வந்தது. அதைப் பார்த்து, "இதுல ரெண்டு கோயில் திருவிழா நடத்தலாம்" என்றார். மண்ணில் குழி வெட்டி எர்த் போட்டார்கள். குளியலறையில் தண்ணீர் சொட்டுவதை விட்டு விழ ஆரம்பித்தது. ஹால் தரையை உடைத்து மட்டமாக்கினார்கள். சமையலறைத் தரையை மட்டும் நான் அப்படியே விடச் சொன்னேன்; ஹாலுக்கு வரும் இடத்தில் ஒரு வடிகால் மட்டும் வைத்தார்கள். கழுவி விட்டால் துடைக்கவே வேண்டாம், அவ்வளவு சொகுசு. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்ட வேண்டியிருந்தது. இன்ஜினியர் அதற்கு மேஸ்திரியையே கூப்பிட்டார். அளவு குறித்து, பக்கத்தில் நின்று சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சம்பளம் கொடுத்தார். மைக் செட்காரர் மட்டும் எங்களோடு கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு மலையில் ஒரு திருவிழாவில் என் கணவரைப் பார்த்து, சாமிக்கு அடுத்தபடியாக அவர் பெயரைச் சொல்லி மைக்கில் வரவேற்றாராம். அத்தோடு அது சரியாகிவிட்டது.

செலவைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரே வீட்டை இரண்டு முறை கட்டியவர்கள் கணக்குப் பார்ப்பது உடம்புக்கு நல்லதல்ல.

மின் இணைப்பு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தேன். அவரை ஹெல்மெட் இல்லாமல் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். நல்ல நீளமான முடி. ரசித்துச் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் தலையாட்டினார். நடுவில் ஒரு முறை, கை இலையிலேயே இருக்க, தலையை நிமிர்த்தி ஹால் கூரையைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

என் கணவர் மெல்லுவதை நிறுத்தினார். நானும் கரண்டியோடு நின்றுவிட்டேன். பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் அம்மா மட்டும் எதையும் கவனிக்காமல் கோழி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம்?" என்றார் என் கணவர், குரலே எழாமல். "மறுபடி கோடா?"

"இல்ல சார்."

"அப்ப?"

"ஒட்டடை" என்றார் அவர். "அந்த மூலைல. அது ஒப்பந்தத்துல வராது, நீங்கதான் அடிச்சுக்கணும்."